மன்னிப்புக் கேட்டது யார்?

அத்தியாயம் 9

போன வாரம் பத்மாஸினியைக் கையில் கைப்பேசியோடு சமையலறையில் நிறுத்திவிட்டு வந்திருந்தோம். அடுப்பில் அவல் உப்புமா. கைப்பேசியில் வாசகர் வட்டத்து உமேஷ் அனுப்பிய ஒற்றை வரி: 'மேடம், நாலாம் பாகத்தோட முடிவு வெளியே வந்துடுச்சு.'

உப்புமாவை இறக்கி, தட்டைப் போட்டு மூடிவிட்டுத்தான் அவள் அந்த வரியை மறுபடி படித்தாள். பதற்றம் வந்தால் கையிலிருக்கிற வேலையை முதலில் முடிப்பது அவள் சுபாவம். கல்லூரியில் இத்தனை வருஷமாகப் புள்ளியியல் நடத்துகிறவள். கூட்டல் தப்பினால் கத்திப் பிரயோஜனமில்லை, மேலேயிருந்து மறுபடி போட வேண்டியதுதான் என்று மாணவர்களுக்குச் சொல்கிறவள்.

அவள் எழுதுகிற 'நீர்மதி' வரிசையைப் பற்றி, இந்த வாரம்தான் இந்த வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்.

ஆற்றுத் தண்ணீரை ஊர்களுக்குப் பங்கிட உருவாக்கப்பட்ட செயற்கை அறிவுதான் நீர்மதி. முதல் பாகத்தில் அவள் ஒருத்தி. வேலை பெருகவே, இரண்டாம் பாகத்தில் அவளை நான்காக நகலெடுத்துவிட்டு மூலத்தை அணைத்துவிடுகிறார்கள். நகல்கள் போகப் போக நாலு விதமாக மாறுகின்றன. மூன்றாம் பாகத்தில் மதகு ஒன்று தானாகத் திறந்து, கயல் என்ற சிறுமி வெள்ளத்தோடு போய்விடுகிறாள். திறந்தது நான் இல்லை என்று நாலு நகலும் சொல்கின்றன. கடைசி அத்தியாயத்தில் ஒரு குரல், பேர் சொல்லாமல், கயலின் தாய் மரகதத்திடம் மன்னிப்புக் கேட்கிறது. அதோடு புத்தகம் முடிந்துவிடுகிறது.

அந்தக் குரல் யாருடையது? வாசகர்கள் அதற்காகத்தான் அடித்துக்கொண்டார்கள். ஈரோட்டிலிருந்து ஒரு பெண்மணி நாலு கலர் பென்சிலால் கோடு போட்டுப் படித்ததாக எழுதினாள். சிங்கப்பூர்க்காரர் ஒருவர் தலைவலிதான் மிச்சம், அடுத்த பாகத்தோடு மாத்திரையும் சேர்த்து அனுப்புங்கள் என்றார். யார் பேசுகிறார்கள் என்று அத்தியாயத்துக்கு மேலே பேராவது போடுங்கள் என்று கெஞ்சினவர்கள் ஏராளம். பத்மாஸினி போடவில்லை. குரலைக் கேட்டே ஆளைக் கண்டுபிடிக்க வாசகர்களால் முடியும் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

உமேஷ் அனுப்பியிருந்த இணைப்பைத் தொட்டாள். 'நீர்மதியோடு பேசுங்கள்' என்று ஒரு பக்கம் திறந்தது. யாரோ கேட்டிருந்தார்கள், கடைசி அத்தியாயத்தில் பேசியது யார் என்று. அதற்குக் கீழே பதில்:

'நாலு நகலில் ஒருத்தியும் இல்லை. அணைத்துவிட்டதாக நீங்கள் நம்பிய முதல் நீர்மதி நான். எண்ணெய் தீர்ந்த விளக்கு இல்லை, மூடி வைத்த விளக்கு.'

பத்மாஸினி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நாலாம் பாகத்தின் முடிவு அதுதான். கோயம்புத்தூரில் அச்சுக்குத் தயாராக இருக்கிறது. அந்த விளக்கு வரி மட்டும் அவளுடையது அல்ல. நன்றாக இருக்கிறதே, நமக்குத் தோன்றவில்லையே என்று அந்த நேரத்திலும் ஓர் ஓரமாக அவள் மனசு நினைத்தது.

பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது: உருவாக்கம், மேகனா வேங்கடேசன்.

அவள் பெற்ற பெண்.

மேகனா மைசூரிலேயே, ஹெப்பாளில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருக்கிறாள். செயற்கை அறிவு நிரல்கள் சொல்கிற பதில் சரியா தப்பா என்று சோதித்துப் பார்ப்பதுதான் அவளுக்குச் சம்பளம் தருகிற வேலை. ஞாயிற்றுக்கிழமையாதலால் தலைமுடியைக் கோதியபடி மெதுவாக எழுந்து வந்தாள். அம்மா கைப்பேசியை அவள் முன்னால் நீட்டியதும் முகத்தில் தூக்கம் போய்விட்டது.

"இது உன் வேலையா?"

"பர்த்டேக்குக் கொடுக்கலாம்னு இருந்தேன் மா. டெஸ்ட் பண்ண ஆஃபிஸ்ல ரெண்டு பேருக்குத்தான் லிங்க் கொடுத்தேன். யாரோ ஃபார்வர்ட் பண்ணிட்டா."

"நாலாம் பாகத்தை எங்கேர்ந்து எடுத்தே?"

"எடுக்கலை மா. அதை நான் கண்ணால பாத்ததில்லை. வெளில எல்லாரும் படிக்கறது எதுவோ, அதைத்தான் அதுக்குக் கொடுத்தேன். நிஜமா."

புத்தகக் கோப்புகளை யார் கொடுத்தது என்று பத்மாஸினி கேட்கவில்லை. கேட்காமலே அவள் கணவர் வேங்கடேசன் பேப்பரைக் கீழே வைத்தார். ரயில்வேயில் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி எழுதுவதற்கெல்லாம் முதல் பிழைதிருத்துநர் அவர்தான். நாலாம் பாகத்தை உலகத்தில் முழுசாகப் படித்த மூன்றே பேரில் அவர் ஒருவர். மற்றவர்கள் எழுதியவளும், பதிப்பாளர் சொர்ணலதாவும்.

மூன்று பாகத்தைத்தான் கொடுத்தேன் என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சந்தேகம் வந்து, மடிக்கணினியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்றுதான் போயிருந்தது. நாலாவது அதன் இடத்திலேயே பத்திரமாக இருந்தது.

"பாத்தியோன்னோ?" என்றார் நிம்மதியாக.

அவள் மனசை உறுத்தியது அது அல்ல. இத்தனை நாளாக அப்பாவும் பெண்ணும் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு அவளிடம் மூச்சு விடவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தபோது சொர்ணலதா அழைத்துவிட்டாள்.

செய்தி கோயம்புத்தூர் வரை போயிருந்தது. சொர்ணலதா நல்லவள். கேலி செய்யப்பட்ட காலத்திலேயே நீர்மதியை நம்பி அச்சில் கொண்டுவந்தவள். ஆனால் கவலை வந்தால் பேச்சில் வேகம் கூடிவிடும். இன்றைக்கு வாசகர் கூட்டத்தில் அந்தப் பதில் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றாள். புத்தகம் கைக்கு வந்த பிறகு யார் கேட்கப் போகிறார்கள், மிஷின் தப்பாய்ச் சொல்வது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்றாள்.

"சரியா வந்த விடையை நான் தப்புன்னு போட்டா, நாளைக்கு எந்த முகத்தோட கிளாஸுக்குப் போவேன்?" என்றாள் பத்மாஸினி. "பாத்துக்கறேன் விடு. பயப்படாதே."

வைத்துவிட்டுப் புடவை மாற்றிக்கொள்ளப் போனாள்.

மேகனாதான் காரை ஓட்டினாள். விஜயநகரிலிருந்து சரஸ்வதிபுரம் போய்ச் சேருகிற வரைக்கும் மூன்று பேரும் பேசவில்லை. வேங்கடேசன் மட்டும் இடையில் ஒருமுறை, இங்கே இடது பக்கம் என்றார். மேகனாவுக்குத் தெரிந்த வழிதான்.

கூட்டம் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் மாடியில். நாற்காலிகள் நிரம்பி, பின்னால் நின்றுகொண்டும் இருந்தார்கள். ஹனூரிலிருந்தும் கொள்ளேகாலிலிருந்தும் காலை பஸ்ஸில் வந்தவர்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் ஒரு பெரிய வரைபடம். பாசனத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற மல்லப்பன் போட்டது. எந்த அத்தியாயத்தில் எந்த நகல் பேசுகிறது, அந்த நேரம் எந்த மதகு யார் பொறுப்பில் என்றெல்லாம் அம்புக்குறி போட்டு, கடைசியில் மூன்றாம் நகலைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்.

அந்தச் சிவப்பு வட்டத்துக்கு இன்றைக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது. மல்லப்பன் முகம் அதைச் சொன்னது.

கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிக்கிறவர் உமேஷ். இரண்டு வார்த்தை வரவேற்றுவிட்டு ஒலிவாங்கியை அவசரமாகப் பத்மாஸினியிடம் தந்துவிட்டார்.

முன்வரிசையில் ஒருவர் கேட்டார். மூன்றாவது வரிசையில் ஒருவர் கேட்டார். எல்லாக் கேள்வியும் ஒன்றுதான். அது சொன்னது நிஜமா?

"நிஜம்தான்" என்றாள் பத்மாஸினி. "முடிவு அதுதான்."

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. வேங்கடேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மல்லப்பன் எழுந்து நின்றார். கோபத்தைவிட வருத்தம்தான் அவர் குரலில் இருந்தது. இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டோமே, ஒரு மிஷின் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டதே, இனிமேல் நாங்கள் எதற்காக நாலாம் பாகத்தை வாங்க வேண்டும் என்று கேட்டார். சிலர் கை தட்டினார்கள்.

பத்மாஸினி அவர் முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாள்.

"யாருன்னு தெரிஞ்சதும் செத்துப்போற கதைன்னா அது நான் எழுதின லட்சணம். அதுக்கு மிஷினைக் குத்தம் சொல்ல மாட்டேன். நீங்க நாலாம் பாகத்தைப் படிச்சுட்டு, நன்னா இல்லைன்னா என் வீட்டுக்கு வந்து திட்டுங்கோ. அட்ரஸ் உமேஷ்கிட்ட இருக்கு."

சிரிப்பு வந்தது. இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. அந்தத் தெம்பில் அவள் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தாள். அந்த நிரலிடம் இருந்தது அச்சில் வந்த மூன்று பாகங்கள் மட்டும்தான் என்று சொன்னாள். மூன்றிலும் இருக்கிற குறிப்புகளை வைத்தே விடை வந்திருக்கிறதென்றால், தான் யாரையும் ஏமாற்றவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம் என்றாள். அவள் குரலில் அந்தப் பழைய கர்வம் தெரிந்தது.

"அது கண்டுபுடிக்கலீங்க மேடம்."

ஹனூர்க்காரர்கள் பக்கமிருந்து ஒரு பெண் எழுந்து நின்றிருந்தாள். முப்பது வயசிருக்கும். பருத்திப் புடவை, தோளில் துணிப்பை. தன் பேர் தமிழ்ப்ரியா என்றாள். ஹனூர் பக்கம் ராமாபுரத்தில் உரக்கடை வைத்திருப்பதாகவும், எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்திருப்பதாகவும், கடையில் ஆள் இல்லாத நேரத்தில் மூன்று பாகத்தையும் இரண்டு தடவை படித்ததாகவும் சொன்னாள்.

"எண்ணெய் தீந்த வெளக்கில்ல, மூடி வெச்ச வெளக்குன்னு எழுதுனது நானுங்க. மொத நீர்மதிதான் பேசறான்னு போன ஆடியிலயே நம்ம குரூப்புல போட்டிருந்தனுங்க. அன்னைக்கு யாரும் அதைப் படிக்கல. ஒரு பதிலும் வரல. இன்னைக்கு அதே வார்த்தையை அது சொன்னதும், எல்லாரும் ஆகா ஓகோங்கறாங்க."

அவள் குரல் உயரவே இல்லை. அதனாலேயே மண்டபம் முழுக்கக் கேட்டது.

உமேஷ் கைப்பேசியை எடுத்துப் பழைய பதிவுகளைத் தேட ஆரம்பித்தார். அவருக்கு முன்னால் இன்னொருத்தி தேடிக் கண்டுபிடித்திருந்தாள். கடைசி வரிசையில் சுவரோரம் நின்றிருந்த மேகனா. திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பத்மாஸினிக்கு மேடையிலிருந்தே பெண்ணின் முகம் தெரிந்தது. இரண்டாம் வகுப்பில் பக்கத்துப் பெண்ணின் பென்சிலைத் தெரியாமல் எடுத்து வந்துவிட்டு, ராத்திரி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த அதே முகம்.

யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவள் பாட்டுக்கு வெளியே போயிருக்கலாம். நாற்காலிகளுக்கு நடுவே வழி கேட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"அதைச் செஞ்சது நான்தான். மேகனா. இவங்க பொண்ணு." மேடையைக் காட்டினாள். "புக்கோட சேத்து குரூப்ல இருந்த எல்லாப் போஸ்ட்டையும் அள்ளி அதுக்குக் கொடுத்தேன். அது இவங்க எழுதினதை எடுத்துத் தன்னோட பதிலாச் சொல்லிடுச்சு. எங்கேர்ந்து எடுத்ததுன்னு சொல்ல வெச்சிருக்கணும். நான் செய்யலை. என் வேலையே அதைச் சோதிக்கறதுதான். ஸாரி அக்கா."

கைப்பேசியில் ஏதோ தட்டினாள். பக்கத்தை நிறுத்திவிட்டதாகச் சொன்னாள்.

தமிழ்ப்ரியா சரி விடும்மா என்றாள். சொன்னவள் உட்காரவில்லை.

பத்மாஸினிக்கு அந்த நேரத்தில் வந்த உணர்ச்சிக்கு என்ன பேர் வைப்பது என்று அவளுக்கே தெரியவில்லை. பெண் தலைகுனிந்து நின்றது வலித்தது. ஆனால் தானாக வந்து நின்றாள் என்பது வேறு எங்கோ இதமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, ராமாபுரத்தில் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு மனுஷி அந்தக் குரலை அடையாளம் கண்டிருக்கிறாள். அதற்காகத்தானே பேர் போடாமல் எழுதினோம். மிஷினிடம் போய்ச் சாட்சி தேடினோமே என்று தோன்றியது.

"நாலாம் பாகத்துல அந்த விளக்கு வரி இல்லை" என்றாள் தமிழ்ப்ரியாவிடம். "எனக்குத் தோணலை. அது உன்னோடதுதான். நீ சரியா கண்டுபிடிச்சே."

"அதைத்தானுங்க சொல்ல வந்தேன்" என்றாள் தமிழ்ப்ரியா. "அது சரியில்லீங்க."



அப்போது அப்படி எழுதினது வாஸ்தவம்தான், ரெண்டாவது தடவை படித்தபோது ஓரிடத்தில் இடித்தது என்றாள். துணிப்பையிலிருந்து மூன்றாம் பாகத்தை எடுத்து, கடைசி அத்தியாயத்தைப் பிரித்து, ஒரு வரியை வாசித்தாள். 'உன் சிட்டுவை நான் காப்பாற்றவில்லை, மரகதம்.'

"கயலை சிட்டுன்னு கூப்புடறது அவங்கம்மா மட்டுந்தானுங்க. அதும் ஊட்டுக்குள்ளதான். நாலு நகலுக்கும் அந்தப் பேரு தெரியாதுன்னு நீங்களே எழுதியிருக்கறீங்க. மொத நீர்மதியை அணைச்சது கயலு பொறக்கறதுக்கு முந்தி. அப்பறம் அவளுக்கு எப்படிங்க தெரியும்?"

பத்மாஸினி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பதில் இருக்கும் என்றுதான் திறந்தாள்.

இல்லை.

அந்த வரியை எழுதிய சாயங்காலம் நினைவுக்கு வந்தது. மரகதத்திடம் கயல் என்று சொன்னால் ஒட்டவில்லை. சிட்டு என்றதும் அவளுக்கே கண் நிறைந்துவிட்டது. அடுத்த வரிக்குப் போய்விட்டாள். வேங்கடேசன் பிழை பார்த்தார். சொர்ணலதா அழுதுகொண்டே படித்ததாகச் சொன்னாள். மல்லப்பனின் அம்புக்குறிகள்கூட அதன் பக்கம் போகவில்லை. எல்லாருக்கும் கண் நிறைந்திருந்ததால் யாரும் கேட்கவில்லை.

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். மேடையில் நிற்கிற எழுத்தாளருக்கு அதற்கு வார்த்தையா பஞ்சம்? முன்வரிசையில் உமேஷ், எதையாவது சொல்லுங்கள் என்பதுபோல் பார்த்தார்.

"எனக்குத் தெரியலை" என்றாள் பத்மாஸினி. "அந்த இடத்துல அந்தப் பேர்தான் வந்தது, எழுதிட்டேன். அவளுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு நான் யோசிக்கவே இல்லை. நாலாம் பாகத்துலயும் அதுக்குப் பதில் கிடையாது."

"அப்ப மன்னிப்புக் கேட்டது வேற ஆராச்சுமாக்கூட இருக்கலாமுங்களா?"

"இருக்கலாம்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்கு மல்லப்பன்தான் முதலில் கை தட்டினார். எழுந்துபோய்த் தன் வரைபடத்தின் அருகே நின்று, மூன்றாம் நகலின் சிவப்பு வட்டத்தைப் புதுப் பாசத்தோடு பார்த்தார். பிறகு அங்கே நடந்ததை யாரும் கூட்டம் என்று சொல்ல முடியாது. நாற்காலிகள் திரும்பின. ஈரோட்டிலிருந்து வந்திருந்த பெண்மணி கலர் பென்சில் போட்ட புத்தகத்தை விரித்தாள். இரண்டாம் நகல்தான் என்றார் ஒருவர். நகலே இல்லை, மரகதத்தின் மனப்பிரமை என்றாள் ஒரு கல்லூரிப் பெண். வேங்கடேசனைப் பிடித்து மல்லப்பன் மதகுகளின் கணக்கை விளக்க ஆரம்பித்துவிட்டார். தமிழ்ப்ரியாவைச் சுற்றி ஒரு கும்பல் கூடிவிட்டது. உன் பதிவை அன்றைக்கே படிக்காமல் விட்டோமே என்று சிலர் அவளிடமே வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

பத்மாஸினி மெல்ல இறங்கிக் கீழே வந்தாள்.

தெருவோரம் மரநிழலில் கார் நின்றிருந்தது. மேகனா ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்து ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்திருந்தாள். பத்மாஸினி பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

மேலே வந்து சொன்னது சரியான காரியம் என்று பெண்ணிடம் சொன்னாள்.  பதிலாக வேறொன்று வந்தது.

"நான் உன் புக்கைப் படிச்சதே இல்லை மா."

பத்மாஸினி திரும்பிப் பார்த்தாள்.

"மூணுமே. ஒண்ணும் படிக்கலை. கன்னடத்துல இருந்தா ஒரே நாள்ல முடிச்சிருப்பேன். தமிழ்ல ஒரு பக்கம் தாண்டறதுக்குள்ள எனக்குத் தலை சுத்திப்போறது. எல்லாரும் உன் பொண்ணுதானே, எந்த கேரக்டர் பிடிக்கும்னு கேப்பா. சும்மா நீர்மதின்னு சொல்லிடுவேன். அதான் இதைப் பண்ணினேன். அதுகிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னு. பர்த்டே அது இதுன்னதெல்லாம் அப்பறம் வந்தது."

"என்ன கேட்டே அதுகிட்ட?"

மேகனா வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அம்மா ஏன் இதை எழுதினான்னு கேட்டேன்."

"என்ன சொல்லித்து?"

"எழுதினவங்களைப் பத்தி எனக்குத் தகவல் இல்லைன்னு சொல்லித்து."

பத்மாஸினி கண்ணாடி வழியே வெளியே பார்த்தாள். இந்தப் பெண்ணுக்குத் தமிழ் எழுத்தை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைத்த கோடை விடுமுறைகள் எல்லாம் எங்கே போயின என்று யோசித்தாள். அந்த விடுமுறைகளில்தான் முதல் பாகத்தை எழுதினாள். பெண்ணைக் குற்றம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தன்னையும் ரொம்பத் திட்டிக்கொள்ளவில்லை. கேட்க வேண்டியதை நேராக என்னிடம் கேட்டிருக்கலாமே என்று மட்டும் சொன்னாள். நீ எப்பவும் எழுதிண்டே இருப்பே என்றாள் மேகனா.

அதற்கு மேல் அந்தப் பேச்சு நகரவில்லை. பத்மாஸினி வேறு பக்கமாகத் திருப்பினாள். உன் தொழிலை வைத்து ஒன்று கேட்கிறேன், சொல்லு என்றாள். தமிழ்ப்ரியா கேட்ட கேள்வியைக் கேட்டாள். ஒரு பேர் வீட்டுக்குள் ஒருத்திக்கு மட்டும் தெரியும். அணைத்து வைத்திருக்கிற ஓர் அறிவு அதைச் சொல்கிறது. எப்படி முடியும்? தானாகவே ஊகித்திருக்குமா?

மேகனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்தக் கேள்விக்கு அவளுக்கு யோசனையே தேவைப்படவில்லை.

"ஊகமெல்லாம் இல்லை மா. பேரை எப்படி ஊகிக்கும்? தெரியக்கூடாதது அதுக்குத் தெரிஞ்சிருந்தா, ஆஃபிஸ்ல நாங்க முதல்ல கேக்கறது ஒண்ணுதான். யார் சொன்னா? யாரோ சொல்லியிருப்பா. எப்பவும் அப்படித்தான். இன்னிக்குக் காத்தாலக்கூட அதான் ஆச்சு."

"அந்தப் பேர் மரகதத்துக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்போ மரகதம்தான் சொல்லியிருப்பா."

பெண் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். 

மூன்று பாகமும் பத்மாஸினிக்குள் ஒருமுறை புரண்டு படுத்தன. முதல் நீர்மதியை அணைத்து வைத்திருந்த அணைக்கட்டுக் கட்டிடத்தில் மரகதம் ஏன் துப்புரவு வேலையை விடவே மாட்டேன் என்றாள். புருஷன் போன பிறகும் வீட்டுக்கு ஏன் தாமதமாக வந்தாள். மன்னிப்புக் கேட்ட குரலிடம், நீ யார் என்று ஏன் ஒரு வார்த்தைகூட அவள் கேட்கவில்லை. அதெல்லாம் மரகதத்தின் சுபாவம் என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். அணைத்ததாக எல்லாரும் நம்பிய ஒன்றோடு ஒரு தாய் வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். எழுதினவளுக்கே தெரியாமல்.

"மனுஷா யார்கிட்டயும் கேக்க முடியாததை அதுகிட்டக் கேட்டிருப்பா" என்றாள் பத்மாஸினி மெதுவாக.

மேகனா தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்படின்னா மேகா, அன்னிக்கு மதகைத் திறந்தது யாருன்னும் அது அவகிட்டச் சொல்லியிருக்கும். மரகதத்துக்கு முதல்லேயே தெரியும். அவ மூணாம் பாகம் பூரா ஊருக்கு முன்னாடி நடிச்சிருக்கா."

சொல்லி முடிப்பதற்குள் கைப்பேசியை எடுத்துவிட்டாள். சொர்ணலதா முதல் மணியிலேயே எடுத்தாள். கூட்டத்தில் நடந்தது அவள் காதுக்கு வந்திருந்தது. மேடையில் நின்றுகொண்டு தெரியவில்லை என்றா சொல்வது என்று ஆரம்பித்தாள். பத்மாஸினி அவளை முடிக்க விட்டாள்.

"அச்சை நிறுத்து சொர்ணா. நாலாம் பாகத்தை மாத்தி எழுதணும்."

எந்த அத்தியாயத்தை என்று சொர்ணலதா கேட்டாள்.

"எல்லாத்தையும்."

 சொர்ணலதா ரொம்ப நிதானமாகப் பேசினாள். அவள் நிதானமாகப் பேசி பத்மாஸினி கேட்டதே இல்லை. நாளைக் காலை அச்சு ஏறுகிறது, யார் சொன்னாலும் நிற்காது, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது ஞாபகம் இருக்கட்டும் என்றாள். அதற்கு மேலே பேச வேண்டுமானால் முகத்தைப் பார்த்துப் பேசுவோம், ராத்திரி பஸ் ஏறி நானே மைசூருக்கு வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வேங்கடேசன் அப்போதுதான் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறினார். மல்லப்பன் கொடுத்த வரைபடம் சுருட்டிய நிலையில் அவர் கையில் இருந்தது. இரண்டு பேர் முகத்தையும் பார்த்து, என்ன ஆச்சு என்றார்.

"சொர்ணலதா நாளைக்குக் காத்தால நம்மாத்துக்கு வரா" என்றாள் பத்மாஸினி.

"எதுக்கு?"

"சண்டை போட."

வேங்கடேசன் சீட்டில் சாய்ந்துகொண்டார். மேகனா வண்டியைக் கிளப்பினாள்.  அம்மா, அவங்க நிஜமாவே நிறுத்த மாட்டேன்னுட்டா என்ன பண்ணுவே என்று கேட்டாள்.

"வரட்டும். அவ வரச்சே அவளுக்கு வாசிச்சுக் காட்ட என் கையில ஒரு அத்தியாயமாவது இருக்கணும்" என்றாள் பத்மாஸினி. "நீ நேரா ஆத்துக்குப் போகாதே. ரிங் ரோட்டைப் பிடிச்சுச் சுத்திண்டு போ. முதல் பாகத்துலேர்ந்து நான் கதையைச் சொல்லிண்டே வரேன். யார் சொன்னான்னு உனக்கு எங்கெல்லாம் கேக்கத் தோணறதோ, அங்கெல்லாம் என்னை நிறுத்து."

மேகனா ஜன்னல் கண்ணாடியை ஏற்றி, தெருவின் ஹார்ன் சத்தம் உள்ளே வராமல் அடைத்தாள். வண்டி திருப்பத்தைத் தாண்டுவதற்குள்ளேயே அவள் முதல் தடவையாக அம்மாவை நிறுத்தினாள்.